கை ஓங்கி நிற்கும் படம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது, ஏனென்றால் இதில் உனக்குப் பாராட்டு எதுவும் கிடையாது. போனில் சொல்லாமல் அம்மா ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாய், நானும் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன், பிறகு சொல்லாமல் விட்டதையெல்லாம் உன் தம்பியிடம் சொல்லி அவன் காதைத் தின்பேன். காகிதம் அழாது, குறுக்கே பேசாது. அதனால்தான் நீ இத்தனை நாளாகக் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே, கோபம்தான்.

அப்பாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், அடுத்த மாதம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தகவல் அனுப்பியிருக்கிறாய். கேட்டாயா என்றால் இல்லை. "அங்க வந்து அவர் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்மா, நீயும் ரெஸ்ட் எடு" என்று தேன் தடவி எழுதிவிட்டு, கீழே அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறாய். நான் கையை ஓங்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறேன், உன் அப்பா காரின் கதவோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பெற்ற அம்மா, நோயாளிப் புருஷனை அடிக்கிறவள் என்று ஒரு போட்டோவைப் பார்த்து முடிவு கட்டிவிட்டாய். இரு, அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன், பிறகு டிக்கெட்டை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்.

முதலில் அந்தப் போட்டோக்காரியைப் பற்றிச் சொல்கிறேன். நீ பரிசு அனுப்புவதாகச் சொன்னபோது ஒரு பொருள் வரும் என்று பார்த்தால் ஒரு ஆள் வந்தாள். கஷ்டகாலத்தைத் தாண்டி வந்த குடும்பங்களின் வீட்டுக்குப் போய், ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து, அவர்கள் பல் தேய்ப்பதையும் துணி மடிப்பதையும் படம் எடுப்பதுதான் அவள் வேலையாம். சிரிக்கச் சொல்ல மாட்டாளாம், வரிசையாக நிற்கச் சொல்ல மாட்டாளாம். "அப்பா பிழைச்சு வந்துட்டார், வீடு பழையபடி ஆயிடுச்சு, அந்தச் சாதாரண நாளைத்தாம்மா கொண்டாடணும்" என்று நீ போனில் உருகினாய். வீடு பழையபடி ஆகிவிட்டது என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன், சரி. அவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் வேறு என்ன சொல்வது. அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு கிடந்தாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. கை மெல்ல மெல்ல எழுந்தது, கால் எழுந்தது, பேச்சு மட்டும் எழவே இல்லை. காலம் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தி, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஊரான் வீட்டுப் பிள்ளைகளைத் திட்டித் திட்டி லைசென்ஸ் வாங்க வைத்த மனிதரிடம், மிஞ்சியது இரண்டே சொல்தான். ஒன்று "ம்", இன்னொன்று "சரி".

அவரைப் பதற்றப்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. உன் தம்பி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வருவான். டிவியில் ஆள் வாயசைப்பது மட்டும் தெரியும், சத்தம் கிடையாது. என் தொண்டையைப் பற்றி உனக்குத் தெரியும், நானே ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி "என்னங்க, சாப்பிடலாமா, எழுந்துக்கலாமா" என்று குழைந்துகொண்டு திரிந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரோடு சண்டை போடாமல் நான் இருந்த காலம் அது ஒன்றுதான். அவரும் என்னை யாரோ புது ஆள் மாதிரிதான் பார்த்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள் அல்லவா, கப்பு, சீப்பு, குடை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைப்பாள். அவர் "ம்" என்பார். கார் படம் போட்ட அட்டை வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்த் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பேன்.

இந்த லட்சணத்தில் இருந்த வீட்டுக்குத்தான் கொண்டாட்டத்தைப் படம் எடுக்க அவள் வந்தாள். நான் விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற அந்த நீலப் புடவையை உடுத்தி, தலையணைக்கெல்லாம் புது உறை போட்டு, உன் அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை மாட்டி உட்கார வைத்திருந்தேன். வந்தவள் எங்களைப் பார்த்ததும் "அய்யோ, இதெல்லாம் வேண்டாம்மா, தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க, நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க" என்றாள். சமையல் மேடைமேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றுகொண்டு, என் தலைக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் இல்லையென்று நினைத்துக்கொள் என்றால் எப்படி நினைப்பது? உருளைக்கிழங்கு உரித்தால் டிக், மூக்கைத் துடைத்தால் டிக். உன் தம்பி அப்பாவுக்கு நகம் வெட்டியபோது தரையில் படுத்துக்கொண்டு எடுத்தாள். மத்தியானம் நாற்காலியில் அசந்துவிட்டேன், ஈ போனாலும் தெரியாத மாதிரி வாய் திறந்திருக்கிறது, அதையும் எடுத்து வைத்திருக்கிறாள். அந்த ஆல்பத்தைப் பார்த்து "எவ்ளோ அழகு" என்று நீ வேறு இதயம் போட்டு அனுப்பினாய். உன் வாயைத் திறந்து எவளாவது படம் எடுக்கட்டும், அப்போது தெரியும் அழகு.

சாயங்காலம்தான் அந்தக் கார் விஷயம். பின்பக்கத்து ஷெட்டில் நிற்கிற பயிற்சிக் காரில், அவர் பக்கமும் பிரேக்கும் கிளட்சும் வைத்த அதே கார், தினமும் வெயில் தாழ்ந்ததும் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். சொல்லிக்கொடுப்பவர் உட்காருகிற சீட்டில்தான். பக்கத்து சீட்டு காலியாகவே இருக்கும். பேட்டரி செத்துவிடக் கூடாதென்று உன் தம்பி அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி வைப்பான், அவ்வளவுதான். போட்டோக்காரி அதைப் பார்த்ததும் சொக்கிப்போனாள். உள்ளே இருட்டாக இருக்கிறது, வண்டி நாலு அடி வெளியே வந்தால் முகத்தில் வெளிச்சம் விழும் என்றாள். உன் தம்பி மருந்துக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். காலையிலிருந்து அவள் டிக் டிக் கேட்டு எனக்கு மண்டை காய்ந்திருந்தது, சனியன் நாலு அடிதானே, நானே நகர்த்துகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். நீ பிறப்பதற்கு முன்னால் உன் அப்பாவிடம் கார் கற்றுக்கொள்ளப் போய், அவர் வாயைத் தாங்க முடியாமல் இரண்டாம் நாளே சாவியை அவர்மேல் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தவள் நான். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன்.

ஸ்டார்ட் ஆனது. கியர் போட்டேன். கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது, வண்டி குதித்துக்கொண்டு போய் ஷெட் வாசல் பூந்தொட்டியை உடைத்து, தண்ணீர் டிரம்மை இடிக்கப் போனது. அவர் நல்ல காலால் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. அப்புறம் சத்தம் வந்தது. "கிளட்ச மெதுவா விடுன்னு எத்தனை தடவடி சொல்றது உனக்கு!"

யார் கத்தினார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மதில் பக்கம்கூடத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகமெல்லாம் சிவந்து, என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேச்சு வந்துவிட்டது என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும், இல்லையா? எனக்கு வந்ததோ கோபம். அத்தனை மாதமாக நான் தரையில் கால் பாவாமல் நடந்து, வாயைத் தைத்துக்கொண்டு, ஸ்பூனில் ஊட்டி, துடைத்து, படுக்க வைத்து எழுப்பி வைத்தால், இந்த மனிதர் திறக்கிற வாயை என்னைத் திட்டத்தான் திறக்கிறார்! கீழே இறங்கி, சுற்றி அவர் பக்கம் போய், பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். இந்தக் காரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம், சாவியைச் சாக்கடையில் போடுகிறேன் பாருங்கள் என்று கையை ஓங்கினேன். அந்த நேரத்தில்தான் டிக். படத்தைப் பெரிதாக்கி என் கையைப் பார், விரல் மடங்கியிருக்கிறதா, உள்ளே இருப்பது கார் சாவி. அவர் ஒடுங்கவில்லை, எங்கே எறிந்துவிடப் போகிறேனோ என்று அதைப் பிடுங்க வாகாகச் சாய்ந்திருக்கிறார். அவர் வாயைப் பார். பாதி திறந்திருக்கிறதே, பயத்தில் என்று நினைத்தாயா? "போடு பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போட்டோவுக்குக் காது கிடையாது. உனக்கு இருக்கிறதே, டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே?

அந்தப் பெண்ணும் உன்னை மாதிரிதான் புரிந்துகொண்டாள். யார் வீட்டுச் சண்டையிலோ மாட்டிக்கொண்டோமே என்று முகம் வெளுத்துப்போய், ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் கேட்டைத் தாண்டிய பிறகு நான் காரிலேயே சாய்ந்து அழுதேன், ஏங்கி ஏங்கி. உன் அப்பா சிரித்தார். "கிளட்ச்" என்றார், திரும்ப "கிளட்ச்" என்றார், குழந்தைக்குப் புது பொம்மை கிடைத்த மாதிரி அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அழுதுகொண்டே நானும் சொன்னேன். உடைந்த தொட்டி மண்ணுக்கு நடுவே, இரண்டு கிழங்களும் கிளட்ச் கிளட்ச் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எது இந்தக் குடும்பத்துக்குக் கொண்டாட்டமோ அதை எடுக்க அங்கே ஆள் இல்லை. காலையிலிருந்து நான் இல்லையென்று நினைத்துக்கொள் என்று சொன்னவள், இருக்க வேண்டிய நேரத்தில் உண்மையாகவே இல்லாமல் போய்விட்டாள். போனதோடு விட்டாளா, உங்கள் அப்பாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்று உனக்குத் தனியாக எழுதி, அந்தப் படத்தையும் அனுப்பியிருக்கிறாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் செய்தாள் என்று உன் தம்பி சொல்கிறான். நல்ல எண்ணத்தை அவன் பொட்டலம் கட்டி மருந்துக் கடையிலேயே விற்கட்டும்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். நிதானமாக யோசித்துப் பேசுகிற பேச்சு அடைபட்டவர்களுக்குக்கூட, கோபத்தில் தானாகத் துள்ளி வருகிற பேச்சு சில சமயம் வருமாம், அதைப் பிடித்துக்கொண்டே மற்றதையும் மெல்ல இழுக்கப் பார்க்கலாமாம், ஆனால் எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாதாம். நிஜச் சண்டை வேண்டாம், ரத்தக் கொதிப்பு ஏறிவிடும், வண்டிப் பாடம் வேண்டுமானால் தினமும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆகவே இப்போது நான் உன் அப்பாவின் மாணவி. முதலில் பிரஷர் பார்ப்பேன், சரியாக இருந்தால் ஷெட்டுக்குப் போவோம், பின்முற்றத்திலேயே நாலு அடி முன்னால், நாலு அடி பின்னால். கண்ணாடியைப் பார்க்க மறப்பேன், ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஆக்சிலேட்டரை மிதிப்பேன். "கண்ணாடி" என்பார், "ஹேண்ட் பிரேக்" என்பார், போன வாரம் "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுப்பான்" என்று முழுசாக ஒன்று வந்தது, அன்று பூராவும் எனக்குக் கால் தரையில் இல்லை. இதில் ஒரு தொல்லை, எனக்கு வண்டி வந்துவிட்டது. இப்போது தப்புப் பண்ணுவதற்கு யோசித்து யோசித்துத்தான் பண்ண வேண்டியிருக்கிறது. அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது, நேற்று ஒரு மாதிரியாகப் பார்த்து, "வேணும்னே பண்றியா" என்றார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், அதுவும் ஒரு முழு வாக்கியம்தானே.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று இப்போது குதிப்பாய். சொல்ல வேண்டாம் என்றது உன் அப்பாதான். சைகையில் போனைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நானே பேசுகிறேன் என்று அர்த்தம். உனக்கு வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் சொல்லலாம் என்று வைராக்கியம், உன் டிக்கெட்டால்தான் நான் முந்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் நீ கூப்பிட்டால் என்ன செய்கிறாய்? "அப்பா, என் செல்ல அப்பா, சாப்ட்டீங்களா, தூங்கினீங்களா, எதுவும் பேச வேண்டாம்பா, நான் பேசறேன், நீங்க கேட்டா போதும்" என்று தொட்டில் ஆட்டுகிறாய். அவர் தேடி வைத்த வார்த்தையெல்லாம் ஓடிவிடுகிறது, பழையபடி "ம்", "சரி". போனை வைத்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நீ போட்டிருக்கும் டிக்கெட்டும் அந்தத் தொட்டில்தான். உன் வீட்டுக்கு நான் வந்திருக்கிறேனே, கதவு சாத்தினால் சத்தம் வராது, நீயும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் நன்றி சொல்லியே கொல்வீர்கள், கோபம் வந்தால் ஆளுக்கொரு அறைக்குப் போய் மூச்சு இழுத்துவிட்டு வருவீர்கள். உங்கள் வாழ்க்கை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கொண்டுபோய் அவரை மெத்தையில் உட்கார வைத்து, பூப்போல பேசிப் பேசி, இப்போதுதான் ஒட்டிக்கொண்டு வருகிற நாலு வார்த்தையையும் உதிர்த்துவிடாதே. அவர் மறுபடி ஊமையானால் என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

மற்றபடி, உன் தம்பிக்கு மருந்துக் கடையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், பகலில் தூங்கி வழிகிறான். மாடிக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். நீ காலையில் சாப்பிடாமல் ஓடுவதாக மாப்பிள்ளை சொன்னார், அந்தப் பழக்கத்தை விடு, முதுகுவலிக்கு மாத்திரையாக விழுங்காதே. அந்தப் படத்தை உன் அப்பா பார்த்தார். நான் கிழித்துப் போடுவதற்காகத்தான் பிரிண்ட் போட்டுவரச் சொன்னேன், அவர் பிடுங்கிக்கொண்டார். டிவிக்கு மேலே உன் கல்யாணப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டச் சொல்லி ஒரே அமர்க்களம். வருகிறவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரைப் பாவமாகப் பார்க்கிறார்கள், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். உன் கல்யாணப் படம் பீரோமேல் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, டிக்கெட்டைப் பற்றித் திட்டியிருக்கிற இடத்தை மட்டும் அவர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படித்தேன், வேண்டுமென்றேதான். பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "புள்ளைய ஏன்டி" என்றார், அடுத்த வார்த்தை வரவில்லை, மேஜையைத் தட்டினார், கண்ணை மூடித் தேடினார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை, எடுத்துக் கொடுக்கக் கூடாது. கடைசியில் கிடைத்தது. "புள்ளைய ஏன்டி திட்டுற. அவ எனக்கு ஓட்டக் கத்துக்கிட்டவ." வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், அவரிடமே கார் கற்றுக்கொண்ட உனக்கு என்ன சொல்கிறார் என்று புரியும். உன்னைத் திட்டினால் அவருக்கு நன்றாகப் பேச்சு வருகிறது, அதனால் நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டிக்கெட்டில் அவர் பெயரை எடுத்துவிடு, நீ மட்டும் வந்து நாலு நாள் இங்கே இருந்துவிட்டுப் போ. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில், வாயும் வயிறும் நிறைந்து நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா போனுக்கு நேராகக் கூப்பிடு. செல்லம் கொஞ்சாதே, சாப்பிட்டீர்களா என்று கேட்காதே, அழாதே. எடுத்த எடுப்பில், அப்பா, இங்கே நான் கிளட்ச்மேலேயே காலை வைத்துக்கொண்டுதான் கார் ஓட்டுகிறேன் என்று சொல். சொல்லிவிட்டு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
கையில் சாவியோடு நிற்கும்
உன் அம்மா